விற்க ஏதுமில்லாத ஆராய்ச்சி

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, செவிலியர் தவறாமல் சொல்லி அனுப்பும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். இல்லாவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் இடுப்பெலும்பு துருத்தும் இடத்திலும் தோல் முதலில் சிவக்கும், பிறகு உரியும், கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியுமளவுக்குக் குழி விழும். படுக்கைப் புண் முற்றிவிட்டால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ, நள்ளிரவு 12-க்கும் 2-க்கும் 4-க்கும் அலாரம் வைத்து எழுந்துகொண்டிருக்கிறார்.

இந்த இரண்டு மணி நேரக் கணக்குக்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு முறிந்த படைவீரர்களைக் கவனித்துவந்த டாக்டர் லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிவிட வேண்டும் என்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். புண்ணும் சீழுமாகச் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பழக்கம் உலகமெங்கும் பரவி, செவிலியர் பாடநூல்களில் விதியாகவே நிலைத்துவிட்டது. மெத்தைகள் மாறின, நோயாளிகளின் வயது மாறியது, விதி மாறவில்லை. இரண்டு மணி நேரம்தான் வேண்டுமா, மூன்றோ நான்கோ போதாதா என்பதை முறையாகச் சோதித்த பெரிய ஆய்வுகள் மிக அரிதாகவே நடந்தன.

அப்படி ஒன்றை நடத்திக் காட்டியவர் நான்சி பெர்க்ஸ்ட்ரம் என்ற அமெரிக்கச் செவிலியர். படுக்கைப் புண் வரும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் 'பிரேடன் அளவுகோல்' இவரும் பார்பரா பிரேடன் என்ற இன்னொரு செவிலியரும் சேர்ந்து உருவாக்கி, 1987-இல் வெளியிட்டது. தோலின் உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், உணவு, உராய்வு ஆகிய ஆறையும் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 23, 18-க்கோ அதற்குக் கீழோ போனால் எச்சரிக்கை. இந்திய மருத்துவமனைகளின் ஐசியு-க்களிலும் இது பழகிய பெயர்தான்.

பெர்க்ஸ்ட்ரமின் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்தது. புண் வரும் ஆபத்தில் இருந்த 942 பேர். எல்லோருக்கும் அடர்த்தியான ஃபோம் மெத்தை. குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு மணிக்கு ஒருமுறையும், அடுத்த பிரிவினரை மூன்று மணிக்கு ஒருமுறையும், கடைசிப் பிரிவினரை நான்கு மணிக்கு ஒருமுறையும் மூன்று வாரம் புரட்டினார்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் வாரந்தோறும் வந்து தோலைப் பார்த்துக் குறித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. மூன்று வாரத்தில் புண் வந்தவர்கள் மொத்தத்தில் 100-க்கு 2 பேர்தான். மூன்று பிரிவுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதைப் படித்த கையோடு யாரும் வீட்டில் புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. அந்த மெத்தையும், கூடவே நடந்த கண்காணிப்பும், பார்த்துப் பார்த்துச் செய்த தோல் பராமரிப்பும் இருந்த இடத்தில் கிடைத்த முடிவு அது. பஞ்சு மெத்தையிலோ தென்னைநார் மெத்தையிலோ படுத்திருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஆய்வு எழுப்பும் சாத்தியம் பெரியது. நல்ல மெத்தை இருந்தால் முதியவர் இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கலாம். அவரைத் தூக்கிப் புரட்டும் ஊழியரின் முதுகுக்கு ஓய்வு கிடைக்கும். மிச்சமாகும் நேரத்தில் அவருக்கு நிதானமாகச் சோறு ஊட்டலாம், தண்ணீர் கொடுக்கலாம்.

சரி, இப்படியொரு ஆய்வுக்கு யார் பணம் போடுவார்கள்? மெத்தைக் கம்பெனி தன் மெத்தையைச் சோதிக்கப் போடும். களிம்புக் கம்பெனி களிம்புக்குப் போடும். 'நான்கு மணி நேரம்' என்பதைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. அதற்குக் காப்புரிமையும் கிடையாது. ஒரு நோயாளியைக் கவனிப்பதில் எழும் முக்கால்வாசிக் கேள்விகள் இப்படிப்பட்டவைதான். எப்போது எழுப்பி உட்கார வைப்பது, வென்ஃப்ளான் ஊசியை எப்போது மாற்றுவது, வலியை எப்படிக் கேட்டறிவது, டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மாத்திரையை எப்படி விளக்குவது. பதில் தெரிந்தால் கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன். அதனால் லாபம் பார்க்கும் முதலாளி மட்டும் யாரும் இல்லை. பொதுப்பணம்தான் அந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். பெர்க்ஸ்ட்ரமின் ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசின் தேசிய செவிலிய ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த நிறுவனம் சும்மா வந்துவிடவில்லை. இரண்டு முறை ஜனாதிபதியின் கையால் தடுக்கப்பட்டு, மூன்றாம் கட்டத்தில் நாடாளுமன்றத்தின் பிடிவாதத்தால் பிறந்தது அது.

மேரிலாந்தின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., உலகிலேயே மருத்துவ ஆராய்ச்சிக்கு மிக அதிகமாகப் பணம் தரும் பொது அமைப்பு. புற்றுநோய்க்கு ஒரு நிறுவனம், இதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று அதன் குடையின் கீழ் இன்று 27 நிறுவனங்களும் மையங்களும் இயங்குகின்றன. 1980-களின் தொடக்கத்தில் அங்கே செவிலியத்துக்கு இடமில்லை. செவிலியர்களின் ஆய்வுக்கு 1955 முதல் அரசு ஓரளவு நிதி தந்துவந்தாலும், அது ஆராய்ச்சி உலகின் மையத்துக்கு வெளியே, பயிற்சித் திட்டங்களோடு சேர்ந்து கிடந்தது. 1983-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க அறிவியல் ஆலோசனை அமைப்பு, செவிலிய ஆராய்ச்சிக்கு அரசில் தனி மையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு இல்லினாய் மாநில உறுப்பினர் எட்வர்ட் மாடிகன், என்.ஐ.எச்.-சுக்குள்ளேயே அதை நிறுவும் யோசனையை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்.

மாடிகன் குடியரசுக் கட்சிக்காரர். ஜனாதிபதி ரொனால்ட் ரீகனும் அதே கட்சிதான். ஆனாலும் 1984-இல் மசோதா நிறைவேறி மேசைக்கு வந்தபோது ரீகன் கையெழுத்திட மறுத்தார். 1985 நவம்பரில் மறுபடி வந்தபோதும் மறுத்தார். தேவையற்ற புதிய அமைப்புகள், கூடுதல் நிர்வாகச் செலவு, என்.ஐ.எச்.-சின் உள்விவகாரத்தில் தலையீடு என்பவை ஆட்சேபங்கள். செவிலியர் சங்கங்கள் மாநிலம் மாநிலமாகத் தங்கள் தொகுதி உறுப்பினர்களை நெருக்கின. ஜனாதிபதியின் மறுப்பைத் தள்ளுபடி செய்ய இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எளிதில் நடக்காத காரியம். பிரதிநிதிகள் சபையில் 380-க்கு 32, செனட்டில் 89-க்கு 7 என்று நடந்தது. 1986-இல் மையம் திறந்தது. முதல் ஆண்டு நிதி சுமார் 1.6 கோடி டாலர். 1993-இல் அது முழு நிறுவனமாக உயர்ந்தது.

மையம் திறந்த அதே 1986-இல், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரத்தி பிரூட்டன் என்ற செவிலியப் பேராசிரியரின் ஆய்வு முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. எடை குறைவாக, ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே பிறந்த குழந்தைகளைக் குறிப்பிட்ட எடை வரும்வரை மருத்துவமனையிலேயே வைத்திருப்பது அன்றைய வழக்கம். பிரூட்டன், சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்ற ஏற்பாட்டோடு, சில குழந்தைகளைச் சராசரியாக 11 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார். குழந்தைகளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. ஒரு குழந்தைக்கு 18,560 டாலர் மிச்சமானது.

அந்த வழியிலேயே அடுத்த அடி எடுத்து வைத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர். அவர் எடுத்துக்கொண்டது முதியோர்களை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் சில வாரம் எவ்வளவு ஆபத்தானது என்பது வயதானவர்களை வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கம், மாத்திரைப் பை ஒரு பக்கம். பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் ஒரே மருந்தின் இரண்டு பெயர்களாக இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்குவார். கால் வீங்கும், மூச்சு வாங்கும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ்.

நெய்லர், பிலடெல்பியாவின் இரண்டு மருத்துவமனைகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 363 பேரைச் சேர்த்தார். ஒரு பாதிக்கு வழக்கமான டிஸ்சார்ஜ். மறு பாதிக்கு உயர் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பொறுப்பு. நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த இரண்டு நாளுக்குள் அந்தச் செவிலியர் வந்து பார்ப்பார். அவரேதான் வீட்டுக்குப் போன இரண்டு நாளுக்குள்ளும் கதவைத் தட்டுவார். அடுத்த வாரமும் வருவார், வாரந்தோறும் போன் செய்வார், ஏழு நாளும் போனில் கிடைப்பார். நான்கு வாரம், அவ்வளவுதான். 24 வாரம் கழித்துக் கணக்கெடுத்தபோது, வழக்கமான பிரிவில் 37.1 சதவீதம் பேர் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். செவிலியர் கவனித்த பிரிவில் 20.3 சதவீதம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் செலவிட்டது அங்கே சுமார் 12 லட்சம் டாலர், இங்கே சுமார் 6 லட்சம். 1999-இல் வெளியான இந்த ஆய்வுக்கும் நிதி தேசிய செவிலிய ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால், அந்த மருத்துவமனைக்கான தொகையை மெடிகேர் குறைக்கும் என்ற விதி 2012 அக்டோபரில் அமலுக்கு வந்தபோது, நெய்லரின் முறை மருத்துவமனைகளுக்குக் கைகொடுக்கத் தயாராக இருந்தது.

இந்த நிறுவனத்தின் பணம் விளைவித்த ஆய்வுகளில் உலக அளவில் அதிகம் பேசப்பட்டது லிண்டா ஐகெனுடையது. இவரும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், இவரும் செவிலியர். ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார் என்பதற்கும் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகள், 10,184 செவிலியர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள். 2002-இல் விடை வந்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் எண்ணிக்கையில் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது.

இது நடப்பதைப் பார்த்துக் கணக்கிட்ட ஆய்வுதான். குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. ஆகவே வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் காலம் ஒரு வழி திறந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளின் வார்டுகளில் பகலில் 4 நோயாளிக்கு 1 செவிலியர், இரவில் 7 பேருக்கு 1. விதி வந்த 27 மருத்துவமனைகளையும் வராத 28-ஐயும் முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஐகென் குழுவினர், 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். விதி வந்த இடங்களில் மரணமும் மறு அனுமதியும் கட்டுக்குள் வந்தன. நோயாளி தங்கும் நாட்கள் குறைந்தன. கூடுதல் செவிலியருக்குச் செலவானதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம். செவிலியர் பணியிடங்களைச் செலவுக் கணக்கில் மட்டுமே எழுதிப் பழகிய அரசுகளுக்கு, வரவுப் பக்கத்திலும் ஒரு எண் இருக்கிறது என்று காட்டியது இந்த ஆய்வு. இப்படிப்பட்ட எண்கள் கையில் இல்லாமல் எந்தச் செவிலியர் சங்கமும் நிதித்துறைச் செயலாளர் முன்னால் வாதாட முடியாது.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு எவ்வளவு? அண்மை ஆண்டுகளில் தேசிய செவிலிய ஆராய்ச்சி நிறுவனத்தின் நிதி 20 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. என்.ஐ.எச்.-சின் மொத்த நிதி 4,700 கோடி டாலருக்கு மேல். நூறு டாலரில் அரை டாலர்கூட இல்லை.

அந்த அரை டாலரையும் எடுத்துவிடலாம் என்று 2025 மே மாதம் வெள்ளை மாளிகை முடிவு செய்தது. 2026 நிதியாண்டுக்கான டிரம்ப் அரசின் பட்ஜெட் திட்டம், என்.ஐ.எச். நிதியில் சுமார் 1,800 கோடி டாலரை வெட்டச் சொன்னது. செவிலிய ஆராய்ச்சி நிறுவனம், சிறுபான்மையினரின் உடல்நலத்துக்கான நிறுவனம், பிற நாடுகளோடு கூட்டாய்வு நடத்தும் ஃபோகார்ட்டி மையம் உள்ளிட்டவற்றை அடியோடு மூடச் சொன்னது. செவிலியர் சங்கங்களும் செவிலியக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் மறுபடி நாடாளுமன்றத்தின் படியேறின. ஜூலை இறுதியில் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு, இரண்டு கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடு அந்தத் திட்டத்தை ஒதுக்கிவைத்து, என்.ஐ.எச்.-சுக்கு 40 கோடி டாலர் கூட்டித் தரும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது.

மூடச் சொன்னவர்களின் தரப்பில் ஒரு வாதம் கேட்கத் தகுந்தது. தனி நிறுவனம் எதற்கு, நல்ல செவிலிய ஆய்வு என்றால் இதய நிறுவனத்திலோ முதுமை நிறுவனத்திலோ போட்டியிட்டுப் பணம் பெறட்டுமே? காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1986-க்கு முன்பும் அந்த நிறுவனங்கள் இருந்தன. ஒரு நோயின் மூலக்கூறைத் தேடுபவர்கள் தீர்ப்புச் சொல்லும் குழுவில், 'எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவது' என்ற விண்ணப்பம் எந்த வரிசையில் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படுக்கைப் புண்ணும் டிஸ்சார்ஜும் ஆள் பற்றாக்குறையும் எந்த ஓர் உறுப்புக்கும் சொந்தமில்லாதவை. அவற்றுக்கு ஒரு முகவரி வேண்டும்.

அந்த முகவரி இந்தியாவில் இன்னும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இயங்குகின்றன. காசநோய்க்கும் தொற்றுநோயியலுக்கும் சென்னையிலேயே உண்டு. கொசு போன்ற நோய்பரப்பிகளுக்குப் புதுச்சேரியில் உண்டு. செவிலியத்துக்கென ஒன்றுகூட இல்லை. செவிலியத்தில் பட்டப்படிப்பு இந்த நாட்டில் தொடங்கிய 1946-இலேயே தொடங்கிய இரண்டு கல்லூரிகளில் ஒன்று வேலூர் சி.எம்.சி. என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வெற்றிடம் இன்னும் உறுத்துகிறது.

கவனிப்பு முறையைப் பற்றிய அரசு ஆய்வு என்ன சாதிக்கும் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் சான்று சென்னையில்தான் நடந்தது. 1956-இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அன்று காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் நிற்கிறது. காற்றோட்டம், சத்துணவு, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ மிகக் குறைவு. நெரிசலான வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மாத்திரைகளை எடுத்துக்கொண்டால் குணமாகாதா என்று மையம் கேட்டது. குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இது வெளியான பிறகு உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.

அந்த ஆய்வு எந்தப் புதிய மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கே, யார், எப்படிக் கவனிப்பது என்பதைக் கண்டுபிடித்தது. இன்றைய தமிழ்நாட்டில் அதே வகைக் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. பயிற்றுவிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு 1 செவிலியர், மற்றதில் 5 பேருக்கு 1 என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவுப் பணியில் ஒற்றை ஸ்டாஃப் நர்ஸ் ஒரு வார்டையே ஓடி ஓடிப் பார்ப்பதை அரசு மருத்துவமனையில் ஒரு ராத்திரி அட்டெண்டராக இருந்த எவரும் கண்டிருப்பார்கள். அந்த இடைவெளியின் விலை எத்தனை உயிர், எத்தனை படுக்கைப் புண், எத்தனை மறு அனுமதி என்பதை இங்கே ஐகென் அளவுக்கு அளக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் செவிலியரின் வருகை, பக்கவாத நோயாளியின் அடுத்த ஆறு மாதத்தை எப்படி மாற்றுகிறது என்று நெய்லரைப் போல ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் புதுக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாது. ஆய்வு செய்யும் செவிலியரை வார்டுப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். அவருக்கு ஒரு புள்ளியியலாளர் துணை வேண்டும். மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வேண்டும். நடுவில் நின்றுபோகாத மூன்றாண்டு நிதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மானியங்களில் ஒரு பங்கைச் செவிலியர் தலைமையேற்கும் ஆய்வுகளுக்கென்று ஒதுக்கி, அவற்றை மதிப்பிடும் குழுவில் செவிலியர்களையே உட்கார வைத்தால், வேலை அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடும்.